மும்தாஜ் டீச்சரின் முழு மதிப்பெண்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நன்றாகப் பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. மாமல்லபுரம் ரோட்டில் பஸ் லேட். பள்ளி வாசலெல்லாம் சேறு.

இன்றைய வேலை:
– வருகைப் பதிவு அப்லோடு (நெட் இருந்தால்)
– நாலாம் வகுப்பு கம்ப்யூட்டருக்குள் எறும்பு, பார்க்க
– ஆறு டீச்சருக்கும் ஆன்லைன் பயிற்சி, பகுதி 5

மூன்றாவதை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டைத் தவிர. டிஜிட்டலில் பாடம் நடத்த ஆசிரியர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி. வீடியோ பார்த்து, கடைசியில் இருபது கேள்விக்குப் பதில் அழுத்த வேண்டும். நான் தற்காலிகக் கம்ப்யூட்டர் உதவியாளர். சேர்ந்த முதல் வாரமே ஒரு டீச்சர் போனை நீட்டினார். "கண்ணு சரியா தெரியல, நீயே அழுத்திடும்மா." அழுத்தினேன். அப்புறம் எல்லோரும் நீட்டினார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மதியம் ஒரு ஆணை வந்தது. அடுத்த செவ்வாய், செங்கல்பட்டில், நாற்பது ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. நடத்தப் போவது எல்லாப் பகுதியிலும் இருபதுக்கு இருபது எடுத்த மும்தாஜ் டீச்சர்!

ஐந்தாம் வகுப்பு டீச்சர். வயது ஐம்பத்து மூன்று. வகுப்பில் இருக்கும் ஸ்மார்ட் போர்டை இதுவரை ஆன் செய்ததில்லை. அதன் மேல் டைம் டேபிள் ஒட்டி வைத்திருக்கிறார்.

தப்பு என்னுடையது. சந்தேகம் வரக் கூடாது என்று மற்ற ஐந்து பேருக்கும் வேண்டுமென்றே ரெண்டு மூணு பதிலைத் தப்பாக அழுத்துவேன். மும்தாஜ் டீச்சருக்கு (இனி மு.டீ.) மட்டும் தப்புப் போட மனசு வரவில்லை. தினமும் டிபன் பாக்ஸில் எனக்கும் சேர்த்து எடுத்து வருகிறவர்.


நவம்பர் 5, புதன்

மழை இல்லை. துணி காயவில்லை, ஈரச் சுடிதாரோடு போனேன்.

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே, "ஆறு பேருக்கு பரிட்சை எழுதிக் குடுக்குற. உனுக்குன்னு ஒரு பரிட்சை எழுதி பர்மனென்ட்டா ஒரு வேல வாங்க முடியல. இன்னா படிப்புடி அது?" எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அந்த டிகிரிக்கு வீட்டில் இதுதான் மரியாதை.

மு.டீ. ஹெச்.எம். ரூமுக்குப் போய், "எனக்கு எதுவும் தெரியாது சார், வேற ஆள போடச் சொல்லுங்க" என்றார். ஹெச்.எம். சார் கதவைச் சாத்தினார். எனக்கும் உள்ளே அழைப்பு.

"தெரியாதுன்னு எழுதிக் குடுத்தா, அந்த மார்க்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. ஸ்கூல் பேரு பூடும். ஒண்ணு பண்ணலாம். ரேவதி ஓரமா உக்காந்து லேப்டாப்புல ஓட்டட்டும். நீங்க போர்டு கிட்ட நின்னு தொடற மாதிரி கைய வைங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

மு.டீ. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நாளை ஒத்திகை.


நவம்பர் 6, வியாழன்

ஒத்திகை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால். போர்டிலிருந்து டைம் டேபிளை உரித்தேன், பசை போகவில்லை. பாடம்: பூவின் பாகங்கள். கடைசி பெஞ்சில் நான், மடியில் லேப்டாப்.

முதல் ரெண்டு படம் சரியாகப் போனது. மூன்றாவதில் மு.டீ. கையைத் தூக்கினார். நான் அழுத்திவிட்டேன். அவர் தூக்கியது தும்மலுக்கு வாயை மூட.

"மிஸ், நீங்க தும்முனதுக்கே படம் மாறிடுச்சு!"

அப்புறம் வகுப்பே தும்மியது. ஆளாளுக்கு போர்டைப் பார்த்து அச்சு, அச்சு. ஒரு பெண், "எனக்கு மாற மாட்டேங்குது மிஸ்" என்று புகார் வேறு.

மு.டீ. சிரிக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிடப் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பத்து வயசுப் பசங்க கண்டுபிடிச்சிட்டாங்க. அங்க நாப்பது டீச்சருங்க உக்காந்திருப்பாங்க. அது சரி, எனக்கு மட்டும் ஏன் முழு மார்க்கு போட்ட?"

"உங்கள எனக்குப் பிடிக்கும் டீச்சர்."

"நல்லா பிடிச்ச போ."

இன்று டிபன் பாக்ஸ் திறக்கவில்லை. நான் பிஸ்கட்.


நவம்பர் 7, வெள்ளி

வெயில், சுள்ளென்று. மு.டீ. நாள் முழுக்கப் பேசவில்லை. லீவு போட்டுவிடுவார் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. போட்டால் அவருக்கு நல்லது. எனக்கும் நல்லதுதான், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்படி நினைத்ததே அசிங்கமாக இருந்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப். அவர் கேளம்பாக்கம் போகிற பஸ்ஸுக்கு, நான் திருக்கழுக்குன்றம் போகிற பஸ்ஸுக்கு. அவர் பஸ் வந்தது, ஏறவில்லை.

"நாளைக்கு ஸ்கூல் சாவி வாங்கி வை. எனக்கு சொல்லிக் குடு."

"நாலு நாள்தான் இருக்கு டீச்சர்."

"அனா ஆவன்னா தெரியாத புள்ளைங்கள ஒரு வருஷத்துல படிக்க வெக்கிறேன். நான் அவ்ளோ மக்கா?"


நவம்பர் 8, சனி

பள்ளியில் நாங்கள் ரெண்டு பேர், ரெண்டு நாய்.

காலை பூராவும் வீண். அவர் விரலை வைப்பார், எங்கேயோ போய்விடும், நான் எழுந்து சரி செய்துவிடுவேன். மறுபடி தடுமாறுவார், மறுபடி நான். பதினோரு மணிக்கு என் கையில் ஸ்கேலால் ஒன்று போட்டார். வலிக்கவில்லை. ஆனால் அடிதான்.

"கைய எடு. நீ தொட்டா நீதான் கத்துக்கற. உனக்குத்தான் ஏற்கனவே தெரியுமே!"

அப்புறம் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வேலை செய்ததில்லை. புத்தகத்தில் இருக்கும் க்யூ.ஆர். கோடைப் போனில் பிடித்து வீடியோ திறக்க இருபது நிமிஷம். இருபது நிமிஷமும் சும்மா இருந்தேன். திறந்ததும் மு.டீ., "ஹா!" என்றார். நாய் குரைத்தது.

ஆறு பேருக்கும் இத்தனை நாள் நான் செய்தது உதவி இல்லை. இதை எழுதும்போது காது சூடாகிறது.


நவம்பர் 10, திங்கள்

ஞாயிறும் வந்தோம். மு.டீ.க்கு இப்போது தெரிந்தவை: ஆன், ஆஃப். க்யூ.ஆர். வீடியோவை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது (என்னைவிட நன்றாக). பேனா, அழிப்பான். பெயர்களை இழுத்துப் படத்தில் விடுவது, பத்தில் ஏழு தடவை.

தெரியாதவை: மற்ற எல்லாம்.

ஹெச்.எம்., "லேப்டாப்ப எடுத்துட்டுப் போங்க, எதுக்கும் சேஃப்டி" என்றார். மு.டீ. வேண்டாம் என்றார். "உண்மைய சொல்லிடப் போறேன் சார்." ஹெச்.எம். தலையில் கை வைத்தார். "எதுக்கு டீச்சர் இந்த பேஜாரு?"

என் பெயர் வருமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என் வேலை போனால் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தபடி வந்தேன்.


நவம்பர் 11, செவ்வாய்

செங்கல்பட்டு. லேப்டாப் இல்லாமல் நானும் கூடப் போனேன். ஒரு பள்ளி ஹால். ஃபேன் சத்தம், நாற்பது பேர், பாதிப் பேர் போனில். பயிற்சி ஒருங்கிணைப்பாளர் சார் மு.டீ.யை அறிமுகப்படுத்தினார்: "எல்லாப் பகுதியிலும் முழு மதிப்பெண்." கைதட்டல்.

மு.டீ. மைக்கை வாங்கினார். "அந்த மார்க்கு என்னோடது இல்லீங்க. எனக்காக வேற ஒருத்தர் எழுதினாங்க. நான் வீடியோகூட பாக்கல."

போன்கள் எல்லாம் இறங்கின.

"இங்க யாரு யாரு சொந்தமா எழுதினீங்க? கை தூக்குங்க."

ஆறு கை. பிறகு ஒன்று இறங்கி ஐந்து. பின்னாலிருந்து ஒருவர், "எங்க ஸ்கூலுக்கு என் மச்சான் பையன் எழுதுறான் டீச்சர், அவன் ஒம்பதாவதுதான்!" ஹாலே சிரித்தது. ஒருங்கிணைப்பாளர் சார் சிரிக்கவில்லை. "யாரு உங்களுக்கு எழுதினது?"

மு.டீ. பதில் சொல்லவில்லை. கண்கூட என் பக்கம் திரும்பவில்லை. அதனால்தான் எழுந்தேன். "நான்தான் சார். ஆறு பேருக்கும்."

ஒருங்கிணைப்பாளர் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உக்காரும்மா. இனிமே எழுதாத." பிறகு மு.டீ.யிடம், "சரி, நீங்க தெரிஞ்சத சொல்லிக் குடுங்க." அவ்வளவுதான்.

நன்றாகப் போனது. மு.டீ. தடுமாறும்போதெல்லாம், "எனக்கு இங்கதான் மாட்டும், உங்களுக்கும் மாட்டும், பாருங்க" என்றார். மதியத்துக்குள் எட்டு பேர் போர்டுக்கு வந்து தாங்களே இழுத்து விட்டார்கள். அணுபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு சார், "ரெண்டு வருஷமா இது ஸ்கூல்ல துணி போர்த்தி நிக்குது, நாளைக்கு துணிய எடுத்துடறேன்" என்றார்.

கடைசியில் தேர்வு, இருபது கேள்வி. நடத்துகிறவர் எழுத வேண்டியதில்லை. மு.டீ. தன்னுடையதைப் போர்டிலேயே திறந்தார், எல்லோரும் பார்க்க. சிலர் பதிலைக் கத்தினார்கள். "பரிட்சை ஹால்ல இன்னா பேச்சு? வெளிய நிக்க வெச்சிடுவேன்." அடங்கினார்கள்.

இருபதுக்குப் பதினொன்று. தேர்ச்சிக்குப் பன்னிரண்டு வேண்டும்.

மு.டீ. கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மாட்டிக்கொண்டார். போர்டுக்குக் கிட்டே போய், கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தார்: "மீண்டும் முயல்க." விரலை வைத்தார்.

முதல் கேள்வி வந்தது.