பள்ளம் போன வழியைக் காட்டியவன்

அக்கா,

நேற்றுக் காலை மக்கள்தொகைக் கணக்குக்கு வந்தவர்கள் உங்கள் வீட்டு நிலைக்கு மேலே புது எண் எழுதினார்கள். கறுப்புப் பெயிண்ட் வாசம் சந்து தாண்டி என் கட்டில் வரைக்கும் வந்தது. நம் இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒன்பது அடிதானே. கணக்கு முடிந்தால் வார்டுகளைத் திரும்பவும் பிரிப்பார்கள் என்று எழுதியவர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுத்து தெரியாதவன் நான். சொல்லச் சொல்ல உங்கள் மகள் எழுதுகிறாள். என்ன சொல்லப்போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

சிங்காநல்லூரில் மில்லுக்குப் பின்னால் நம் லைன் வீடுகள். எதிரெதிரே இரண்டு வரிசை, நடுவில் சந்து. நீங்கள் நூல் சுற்றுகிற ரீலிங்கில் வேலை பார்த்தீர்கள், நான் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில். மில்லை மூடிய பிறகும் நீங்கள் சும்மா உட்காரவில்லை. மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது என்று மாநகராட்சிக்கு மனு மேல் மனு கொடுத்தீர்கள். என்னையும் கூட்டிப்போவீர்கள். எந்த அதிகாரி எந்தக் கிழமை என்ன வாக்குக் கொடுத்தார் என்று நான் ஒப்பிப்பேன்.

"இவன் தலைக்குள்ள ஒரு ஆபீசே நடக்குதுங்க சார். சம்பளந்தான் யாரும் குடுக்கறதில்ல" என்பீர்கள். அதிகாரியும் சிரிப்பார்.

மனுவால் ஆகாது என்று தெரிந்ததும் கவுன்சிலர் தேர்தலுக்கே நின்றீர்கள். கட்சி இல்லை. சொற்ப ஓட்டில் போய்விட்டது. அன்றைக்கு நீங்கள் அழவில்லை. "அடுத்த தடவ பாரு தம்பி. நம்ம ரெண்டு வரிசையும் ஒண்ணா நின்னாப் போதும், உள்ள போயரலாம். இந்தச் சாக்கடைய விட்டனா பாரு" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு சித்திரையில் நீங்கள் அவிநாசித் தேருக்குப் போயிருந்தீர்கள். அன்றைக்கு மாநகராட்சியிலிருந்து மூன்று பேர் சுருட்டிய வரைபடத்தோடு சந்துக்குள் வந்தார்கள்.

"பெரியவரே, மேப்புல இங்க ஒரு பள்ளம் ஓடுதுங்க. எடத்துல காணமுங்களே?"

மழைத்தண்ணீர் குளத்துக்குப் போன பழைய பள்ளம் அது. லைன் வீடு கட்டும்போது மண் போட்டு மூடியது. அது போன வழி தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம்.

"கண்ணக் கட்டி உட்டாலும் காட்டுவேனுங்க" என்றேன்.

உங்கள் மனு பலித்துவிட்டது, பள்ளத்தைத் திரும்பத் தோண்டிச் சாக்கடையை அதில் விடப்போகிறார்கள் என்றுதான் அக்கா நினைத்தேன். வந்தவர்களிடம் எதற்கு என்று கேட்கவில்லை. மில் மதில் மூலையில் தொடங்கி, துவைக்கிற கல்லுக்கு அடியாகப் போய், நம் சந்தின் நட்டநடுவே நடந்து, குளத்துக்கரை வரைக்கும் காட்டினேன். பின்னாலேயே அவர்கள் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார்கள். முடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். நீங்கள் ஊரிலிருந்து வந்ததும் நான் சொல்லவில்லை. தோண்டுகிற ஆட்கள் வந்து நிற்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆட்கள் வரவில்லை. சில மாதம் கழித்துப் புது வார்டுப் பட்டியல்தான் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றீர்கள்.

"நம்ம சந்த ரெண்டாக் கிழிச்சுப்போட்டாங்க தம்பி. உன்ற வரிச ஒரு வார்டு, என்ற வரிச ஒரு வார்டு."

ஆட்சேபணை சொல்லப் போனபோது நானும் கூட வந்தேன். அங்கே இருந்தவர் வேறு அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார்: "எல்லைக்கு ஒரு அடையாளம் வேணுமுங்கம்மா. அந்தப் பள்ளத்த உங்க தெருக்காரர் ஒருத்தரே நடந்து காட்டியிருக்கறாருங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். பஸ் பீளமேடு தாண்டியது. அப்புறம் கேட்டீர்கள். "எவன் காட்டிக் குடுத்தான்? உனக்குத் தெரியாம நம்ம தெருவுல எவன் வந்துட்டுப் போவான்? யோசிச்சுச் சொல்லு."

"ஞாபகம் இல்லீங்க்கா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தீர்கள். "உனக்கே ஞாபகம் இல்லியா. நமக்கும் வயசாயிருச்சு கண்ணு" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து என் கையில் வைத்தீர்கள். நான் அதைத் தின்றேன்.

தேர்தலில் உங்கள் வரிசை மொத்தமும் உங்களுக்குப் போட்டது. என் வரிசை அந்தப் பக்கத்து வார்டில் யாருக்கோ போட்டது. நீங்கள் தோற்றீர்கள். அதன் பிறகு சாக்கடை அடைத்தால் இந்த வார்டு ஆள் அந்த வார்டைக் கைகாட்டினான், அந்த வார்டு ஆள் இந்த வார்டைக் கைகாட்டினான். குழாயடியில் நீங்கள் அந்த முகம் தெரியாத தெருக்காரனைத் திட்டாத நாள் இல்லை. குடத்தோடு நானும் வரிசையில் நிற்பேன்.

போன ஐப்பசி மழையில் மூன்று நாள் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. சர்க்கரைக் கால். விரலிடுக்கில் இருந்த சின்னப் புண்ணோடு அந்தத் தண்ணீரில் நடந்து சமைத்தீர்கள். கால் கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்தார்கள். பார்க்க வந்தபோது, "வார்டப் பிரிச்சவன் அதோட நிறுத்தியிருக்கலாம். இப்ப என்னையவே பிரிச்சுட்டாங்க" என்றீர்கள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன். நான்காம் நாள் உங்கள் உடம்பைத்தான் வண்டியில் கொண்டுவந்தார்கள்.

இந்த இடத்தில் உங்கள் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவள் பேனா காகிதத்தின் மேல் அப்படியே இருந்தது.

"அம்மா பஸ்ஸுல கேட்டப்ப ஏனுங் மாமா சொல்லல?"

"மறுநாள் மனுக் குடுக்கப் போறப்ப என்னையக் கூப்பிடமாட்டாங்களோன்னு பயந்துட்டேன் கண்ணு."

கேட்டுக்கொண்டாள். அதையும் எழுதினாள். எழுதி முடித்து உங்கள் வீட்டுக்குள் போய், மகளிர் குழுவுக்கு வைத்திருக்கும் ஸ்டாம்ப் பேடை எடுத்துவந்து என் முன்னால் திறந்து வைத்தாள்.

"கைநாட்டு வெய்ங்க."

"இது மனு இல்லையே கண்ணு."

"சொன்னது நீங்கதான்னு இருக்கோணுமில்லீங்க."

வைத்தேன். காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு சந்து தாண்டிப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பொழுது சாய்ந்துவிட்டது. இனி எழுத ஆளில்லை, மனசுக்குள்தான் சொல்கிறேன். கட்டைவிரலில் மை அப்படியே இருக்கிறது அக்கா, இன்னும் கழுவவில்லை.