பாதிப்பு: இல்லை

என்மேல் கோபமாக இருக்கும் வீட்டம்மாவுக்கு,

மகளின் பிறந்தநாளுக்குக்கூட வரவில்லை என்று திட்டி எழுதியிருந்தாய். திட்டு. அணையை விட்டு நகர முடியவில்லை.

மதகு மோட்டார்களைப் பராமரிப்பது வீண்செலவு என்று அமைச்சர் நிறுத்தி மூன்று வருடமாகிறது. முதல் மழையிலேயே மோட்டார் படுத்துவிட்டது. நாங்கள் எட்டுப் பேர் சங்கிலியைக் கையால் இழுத்து மதகைத் தூக்கினோம். தண்ணீர் ஒழுங்காக வடிந்தது. மோட்டார் பழுது என்று நான் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. வாராந்திர அறிக்கையில் ‘பாதிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘இல்லை’ என்று எழுதினேன். பொய்யில்லையே!

அதைத்தான் அமைச்சர் மேடைக்கு மேடை வாசிக்கிறார். “ஊரே முழுகிடும்னு பயமுறுத்தினாங்க. என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலையே!” அப்புறம் எட்டுப் பேரை நாலாக்கினார். அதையும் சமாளித்தோம். மறுபடியும் ‘இல்லை’. இந்த வருடம் நானும் மெக்கானிக்கும் மட்டும்தான்.

“சார், ஒரு தடவை தூக்காம விட்டுடலாம். அப்பவாவது புத்தி வரும்” என்றார் மெக்கானிக் நேற்று.

“முழுகப்போறது அமைச்சர் வீடு இல்லையேப்பா” என்றேன். கீழே நம் மொட்டைமாடியில் நீ காயப்போட்ட துணி தெரிந்தது.

காலையில் சங்கிலி இழுத்ததில் மெக்கானிக்குக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இதை உன்னிடம் கொடுப்பார். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது.

மகளைக் கூட்டிக்கொண்டு இப்போதே மேட்டுத்தெரு அக்கா வீட்டுக்குப் போ. ஏன் என்று பக்கத்து வீட்டில் கேட்டால், அவர்களையும் கூட்டிக்கொண்டு போ.

இந்த வாரக் கட்டத்தை நான் இன்னும் நிரப்பவில்லை.

உன் வீட்டுக்காரன்