நோயின் பெயர் கேட்ட படிவம்

மொன்றியல்
12 பெப்ரவரி 2006

அன்பான இரவிக்கு,

நானும் ஆரபியும் சுகம். உங்கள் பக்கம் குளிர் நாற்பதுக்கும் கீழே போய்விட்டதாக வானொலியில் சொன்னார்கள். அணைக்கட்டில் மின்கம்பி இழுக்கும் உங்கள் விரல்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை முகாமில் உங்களுக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்பார்கள். நீங்கள் எல்லாவற்றுக்கும் "ஓம், சரி" என்பீர்கள். இந்தச் செய்திக்கு அந்தச் "சரி" எனக்குப் போதாது. ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஆரபியின் கதை. போன கிழமை அவளுடைய பாலர் காப்பகத்து ஆசிரியை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, தனக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போய்விட்டதே என்று மன்னிப்புக் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டால், பப்பா எங்கே என்று வகுப்பில் விசாரித்தபோது உங்கள் மகள் விரலை நேரே மேலே காட்டியிருக்கிறாள். நீங்கள் செத்துப்போனதாக அவர் நினைத்துவிட்டார். சுவரில் இருக்கும் வரைபடத்தில் வடக்கு மேலேதானே இருக்கிறது! நீங்கள் அணைக்கட்டில் வேலை செய்கிறீர்கள் என்று சொன்னதும் அந்த மனிசியும் நானும் வயிறு நோகச் சிரித்தோம். ஆனால் பஸ்ஸில் வரும்போது, "மடாம் ஏன் அழுதவா?" என்று ஆரபி கேட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காப்புறுதிக் கம்பனியின் உளவியலாளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். கடிதம் செவ்வாய்க்கிழமை போய்விட்டது. செப்டெம்பரில் நான் கையெழுத்து வைத்தபோது நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. நோயாளிகளை அவர்களே அனுப்புவார்கள், வருமானம் சீராக வரும், மே மாதம் ஒப்பந்தம் முடிந்ததும் நீங்கள் இங்கே வந்துவிடலாம் என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். அதை நான் தனியே மாற்றிவிட்டேன். கோபப்படுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஓர் அம்மா என்னிடம் வந்தார். பெயர் உங்களுக்கும் சொல்லமாட்டேன். தொழிற்சாலைக் காப்புறுதி ஆறு சந்திப்புகளுக்குக் காசு கொடுக்கும். ஐந்து தடவையும் வயிற்றெரிவையும் நித்திரையின்மையையும் பற்றித்தான் கதைத்தார். ஆறாவது நாள், மேலங்கியைப் போட்டுக்கொண்டு எழும்பிய பிறகு, ஒரு பெயரைச் சொன்னார். ஒரே ஒரு பெயர். பதினொரு வருடமாக அந்தப் பெயரைத் தன் வாய் சொல்லவில்லை என்றார். பிறகு அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் சந்திப்புகள் வேண்டும் என்று கம்பனிக்கு எழுதினேன். ஒரு படிவம் வந்தது. நோயின் பெயர், என்ன நடந்தது, எப்போது நடந்தது, இதுவரை எவ்வளவு முன்னேற்றம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒற்றை வரியில் நிரப்பி அனுப்பினேன். அங்கிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார். மரியாதையான மனிதர். விவரம் போதாது, என் குறிப்புகளின் பிரதியும் வேண்டும் என்றார். அந்த அம்மாவின் சம்மதம் இல்லாமல் தரமுடியாது என்றேன். அப்படியென்றால் சம்மதம் வாங்குங்கள் என்றார்.

அந்த அம்மாவிடம் கேட்டேன். "இதை எழுதினா ஆர் ஆர் வாசிப்பினம், பிள்ளை?" என்றார். எனக்குத் தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. பிறகு அவர் சொன்னார்: "ஊரிலை ஆமிக்காரன் எழுதினவன். இஞ்சை அகதி விசாரணையிலையும் எழுதினவை. ஒரு திகதியை மாத்திச் சொல்லிப்போட்டன் எண்டு மூண்டு மணித்தியாலம் குடைஞ்சவை. இந்த அறையிலைதான் ஒருத்தரும் எழுதேல்லை எண்டு நினைச்சன்." எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை அவர் வரவில்லை. அவருடைய நேரம் முடியும்வரை வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

பக்கத்து அறை மாக்கிரட் அக்காவைத் தெரியும்தானே, சமூக சேவையாளர். அவரிடம் சொன்னபோது என்னைத்தான் ஏசினார். "காப்புறுதி இல்லாட்டி அந்த மனிசி உன்ரை வாசல்படியையே மிதிச்சிருக்காது. ஆறு தரமாவது வந்தா. ஒருக்காலும் வராததிலும் பாக்க அது நல்லதில்லையே? எல்லாரும் கையிலையிருந்து குடுக்கேலுமே?" அவர் சொன்னதில் பிழையில்லை. இரண்டு நாள் அதே யோசனையாக இருந்தேன்.

கடைசியில் நானே அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். படிவம் அனுப்பமாட்டேன், யாருக்கும் ஒன்றும் கொடுக்கமாட்டேன், காசைப் பற்றி யோசிக்காமல் வாருங்கோ என்றேன். சும்மா வரத் தன்னால் ஏலாது என்றார். பிறகு ஒரு தொகை சொன்னார். அது அவருக்குப் பாரம் என்று எனக்குத் தெரியும். பாதி போதும் என்று சொல்லிவிட்டேன். பிழை விட்டேன், இரவி. குரலே மாறிவிட்டது. "பிள்ளை, நான் உழைக்கிறனான்" என்றார். உடனே மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கே சரி என்றேன். போன வியாழக்கிழமை பனிச்சப்பாத்தோடு வந்து நின்றார். அன்று என்ன கதைத்தார் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்.

அந்தக் கம்பனி அனுப்பியவர்களில் நான்கு பேர் இனி வரமாட்டார்கள். அவர்களை வேறு உளவியலாளர்களிடம் அனுப்பிவைத்தேன். இன்னொரு பெடியனுக்குத் தமிழில் கதைக்க வேறு யாரும் இல்லை. அவனை மட்டும் மாக்கிரட் அக்கா கேட்டுக்கொண்டபடி குறைந்த காசுக்குப் பார்க்கிறேன். இனி என்னிடம் வருகிற மற்றவர்கள் தாங்களே காசைக் கட்டிவிட்டு, விரும்பினால் என் பற்றுச்சீட்டைத் தங்கள் காப்புறுதிக்கு அனுப்பலாம். அதில் திகதியும் என் கையெழுத்தும் இருக்கும். நோயின் பெயர் இருக்காது. நான் செய்தது முழுக்கச் சரியென்று சொல்லவில்லை. ஆனால் என் அறைக் கதவை மூடிவிட்டு ஒருவர் எதிரே உட்காரும்போது, அவர் முகத்தை இப்போது நேரே பார்க்க முடிகிறது.

வருமானம் குறையும். கணக்குப்படி பார்த்தால், இன்னும் ஒரு வருடம் அங்கேயே நில்லுங்கள் என்றுதான் உங்களுக்கு நான் எழுதவேண்டும். இந்தக் கடிதத்தையே இரண்டு தரம் அப்படி எழுதிக் கிழித்துவிட்டேன். அறையைச் சனி, ஞாயிறு வேறொருவருக்கு வாடகைக்கு விடலாம். அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு பாடசாலை வாரத்தில் இரண்டு நாள் உளவியலாளர் தேடுகிறது, விண்ணப்பித்திருக்கிறேன். இவ்வளவும் சரிவருமா தெரியாது.

தெரிந்தது ஒன்றுதான். நாள் முழுவதும் மற்றவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். அறையைப் பூட்டும் நேரம் எனக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது. அது எழுத்தில் வருகிற விஷயமில்லை, வரிசையில் ஆறு பேர் நிற்கத் தொலைபேசியில் சொல்கிற விஷயமும் இல்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மே மாதம் வந்து என் பக்கத்தில் இருந்து கேளுங்கோ.

கையுறை போடாமல் கம்பியைத் தொடவேண்டாம். உங்களை எங்களிடம் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கும்படி தினமும் விளக்கு வைக்கிறேன்.

உங்கள்
துஷாந்தினி