ஹால்வார் முடிக்காத வாக்கியம்

அன்பு மகள் சிக்னேவுக்கு,

நானும் அம்மாவும் சுகம், குளிர் வந்ததிலிருந்து அவள் முழங்கால்தான் படுத்துகிறது, நீ அங்கே சிலியில் வெயிலோடு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். உன் கடிதம் வந்தது. இருபது வருடம் ஊர்மன்றத்தில் வாதாடியவராயிற்றே, நியாயமாக வாதாட அப்பா வைத்திருக்கும் கொள்கைகளை எழுதி அனுப்புங்கள், என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று கேட்டிருந்தாய். எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இலையுதிர்காலத்தில் நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டேன். நம் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, பிள்ளைகளை மலையடிச் சாலை வழியாகப் பேருந்தில் அடுத்த ஊருக்கு அனுப்பலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவன் நான்தான். எதிர்த்துப் பேச எழுந்தவர் பக்கத்து வீட்டு ஹால்வார். அவருக்குத் திக்கும், உனக்குத் தெரியும், கூட்டத்தில் அதுவரை வாய் திறந்ததே இல்லை. கையில் ஒரு காகிதத்தோடு "அந்த ரோட்டுல ப... ப..." என்று நின்றார், நெற்றியெல்லாம் வியர்வை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "ஹால்வார், அக்கரைக்காரங்களுக்கு எட்டு மணிக்குக் கடைசிப் படகு. அதுக்குள்ள அந்த வார்த்தை வந்துடுமா?" என்றேன். மன்றமே சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தேன். நாற்காலிகளை அடுக்கும்போது அந்தக் காகிதம் கிடைத்தது, முப்பது வருடமாக அந்தச் சாலையில் பனிச்சரிவு விழுந்த தேதிகள் எல்லாம் வரிசையாக. படித்தேன், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், ஒருவரிடமும் காட்டவில்லை. ஜெயித்தாயிற்றே.

போன மாதம் அதே சாலையில் பனிச்சரிவு விழுந்து பள்ளிப் பேருந்தின் பின்பாதியை நசுக்கியது. பிள்ளைகள் பிழைத்தார்கள், ஹால்வாரின் பேத்திக்கு மட்டும் இடது கால் போயிற்று. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் மனைவி மாரித் கதவைத் திறந்தாள். "அவரு இப்ப யார்கூடவும் பேசறதில்ல. வீட்டுலகூட. நீங்க சொல்லுங்க, உங்களுக்குத்தான் பேச்சு நல்லா வருமே" என்றாள். சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். கையெழுத்தைப் பார்த்தவள், "இது எப்பலேருந்து உங்ககிட்ட இருக்கு?" என்று கேட்டாள். அன்றைக்கே கிடைத்தது என்று சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொள்கை என்று கேட்டாயே, எதிராளி சொல்வது சரியாக இருந்துவிடுமோ என்று பயம் வரும்போதுதான் நாக்கில் கேலி வந்து உட்காரும், அப்போது வாயை மூடிக்கொள்ளும்படி உன் மாணவர்களிடம் சொல். வேறு எதுவும் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னோடு இருக்கட்டும். மாரித்துக்கு மறக்காமல் இரண்டு வரி எழுது. அதில் என் பெயர் வேண்டாம்.

உன் அப்பா,
எய்லிவ்