பன்னிரண்டு நிமிடம்

9 ஜூன் 2003, திங்கள்
எல்லோரும் வருகைக்குக் கார்டு தேய்க்கும் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர் இன்று காலை 1998 ஜனவரி ஒன்று என்று காட்டியது. உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துவிட்டது. மாற்றினேன். டெலிட் விசையை அழுத்தி நீலத்திரைக்குள் போய், கை வாட்ச்சைப் பார்த்துத் தேதி, நேரம் எல்லாம் புதிதாக வைத்தேன். கண்டவன் கை வைக்கக் கூடாதென்று பாஸ்வேர்டும் போட்டேன். டைம் ஆபீஸ் கோதண்டராமன் சார், "தொர, நீ கில்லாடிப்பா" என்றார். ஜூலையில் என்னை நிரந்தரமாக்கும் பேச்சு இருக்கிறது. நாலு பேர் இப்படிச் சொன்னால் நல்லதுதானே.

13 ஜூன்
மழை. பஸ்ஸில் தூங்கிவிட்டேன். செம்பரம்பாக்கம் தாண்டியதே தெரியவில்லை.

19 ஜூன்
வயரிங் லைனில் காண்ட்ராக்டில் இருக்கும் தங்கமாரி கேண்டீனில் வந்து நின்றாள். எங்கள் கயத்தாறு பக்கத்துப் பெண். அழாத குறை. "அண்ணே, ஆறு மணிச் சங்கு ஊதுமுன்னேயே கேட்டுக்குள்ள வந்துருதேன். கார்டு தேச்சா லேட்டுன்னு காட்டுது. நாலு தடவ ஆயிட்டு."

பென்னலூரில் அறை. விடியலில் குழாயடியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு நடந்தே வருகிறாள். மாதம் ஐந்து லேட் ஆனால் காண்ட்ராக்டர் நிறுத்திவிடுவான். "வேல போச்சுன்னா ஊருக்குக் கூட்டிட்டுப் போயி மாமனுக்குக் கட்டி வச்சிருவாக" என்றாள்.

"கொஞ்சம் வெள்ளனே கிளம்பு தாயி" என்று புத்தி சொன்னேன். பெரிய மனுஷன் மாதிரி.

21 ஜூன்
தங்கமாரியை நிறுத்திவிட்டார்கள். சாரிடம் கெஞ்சினாளாம். "கம்ப்யூட்டரு இன்னா பொய்யா சொல்லும்?" என்றாராம்.

23 ஜூன், திங்கள்
பஸ்ஸில் பக்கத்தில் இருந்த எழிலரசன் மணி கேட்டான். சொன்னேன். "யோவ், உன் வாட்ச்சுதான் எப்பவும் பன்னெண்டு நிமிஷம் முன்னாடி ஓடுமே, அத்த கழிச்சிச் சொல்லு" என்றான்.

கம்பெனி பஸ்ஸை விட்டுவிடக் கூடாதென்று நானே தள்ளி வைத்த வாட்ச். அதைப் பார்த்துத்தானே அன்றைக்கு நேரம் வைத்தேன்?

அடப் பாவி. நாந்தானா? நாந்தான்.

கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் அரைமணி முன்பே இறங்கிவிடுகிறோம், எங்களுக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது பன்னிரண்டு நிமிடம் கூடக் காட்டினால் யார் புகார் சொல்லப் போகிறார்கள்? நடந்து வந்தவர்கள்தான் மாட்டினார்கள். அதில் ஐந்தைத் தொட்டவள் அவள்.

சாப்பாட்டு நேரத்தில் போய் நீலத்திரைக்குள் நேரத்தைச் சரிசெய்தேன். யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

24 ஜூன்
சொல்லவில்லை.

26 ஜூன்
சாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பாத்தியா தொர? ஒருத்திய அனுப்புனதும் அத்தினி பேரும் கரீக்டா வந்துகினு கீறாங்க!"

நானும் சிரித்தேன். சிரிச்சேனே! எனக்கெல்லாம் சோறு ஒரு கேடா? தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நாளை மறுநாள் அவளைக் கூட்டிப் போக ஊரிலிருந்து ஆள் வருகிறதாம்.

27 ஜூன்
எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாரிடம் நீட்டினேன். படித்துவிட்டு என் வாட்ச்சைப் பார்த்தார்.

"சரி பண்ணிட்டல்ல? அத்தோட வுடு. இத்த மேல அனுப்புனா உன் கன்ஃபர்மேஷன் காலி."

"தெரியும் சார். அனுப்புங்க."

சாயங்காலம் பென்னலூர் போனேன். துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றே சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம்.

"வெள்ளனே கிளம்புன்னு சொன்னீகளே அண்ணே" என்றாள். பையை மூடவில்லை.

14 ஜூலை, திங்கள்
தாள் மேலே போனது; எனக்கு இன்னும் ஆறு மாதம் தற்காலிகம்தான். போகட்டும். பாஸ்வேர்டை எழுதிச் சாரிடம் கொடுத்துவிட்டேன். வாட்ச்சையும் சரியான நேரத்துக்கு வைத்துவிட்டேன். அதனால் இன்று கம்பெனி பஸ் போய்விட்டது. டவுன் பஸ் பிடித்து, இறங்கி ஓடி வந்தேன்.

கேட்டில் எனக்கு முன்னால் தங்கமாரி. ஊரிலிருந்து வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம்; இன்றுதான் மறுபடி வேலைக்கு வருகிறாள். கார்டு தேய்க்குமுன் திரும்பினாள்.

"மணி என்ன அண்ணே?"

"அஞ்சு அம்பத்திரண்டு."

கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்து ஒத்துப் பார்த்தாள். அப்புறம்தான் கார்டைத் தேய்த்தாள்.