சுப்பராயன் நோட்டில் என் பேர்

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வினோதாவுக்கு உன் பெரியப்பா ஆதிகேசவன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் பெரியம்மா, உங்க நைனா, அம்மா எல்லோரும் சுகம். அயர்லாந்துக் குளிரில் ஆஸ்பத்திரி டூட்டி முடித்து வந்தும் நீ சரியாகத் தூங்குவதில்லை என்று உங்கம்மா சொன்னாள், உடம்பைப் பார்த்துக்கொள். போன் இருக்கும்போது பெரியப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். வாயால் பேசினால் எனக்கு ஒன்று ஒன்பதாகிவிடும், அது உனக்கே தெரியும். பேனா பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது, அதனால் அளவோடு வரும். இது அளவோடு வர வேண்டிய சங்கதி. நூலகத்தில் வேலை செய்யும் கிரேஸ் இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். நடுவில் கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படித்துவிடு.

நம்ம கிளை நூலகத்தில் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆன்லைனில் பேச்சு நடத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். நான் ஒன்றுகூட விட்டதில்லை. பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைகளைப் பற்றி ஒரு விஞ்ஞானி பேசினார், அவரை நான் ஒரு கேள்வி கேட்டேன் பார், அவ்வளவு கூட்டத்தில் "நல்ல கேள்வி" என்றார். ஊரே இன்னும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறது. உன் பெரியம்மா குணசுந்தரி மட்டும், "எல்லாருக்கும் அதத்தான்யா சொல்லிக்கினு கீறாரு" என்றாள், பொறாமை. அப்புறம் முழங்கால் தேய்மானம், நிலா என்று எதை எடுத்தாலும் என் கேள்வி இல்லாமல் கூட்டம் முடியாது. நிலாவைப் பற்றிப் பேசிய புரொபசர் எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் லைனை விட்டே போய்விட்டார், அவர் வீட்டில் கரண்ட் போய்விட்டதாகக் கிரேஸ் சொல்கிறாள்.

இப்படி என் ஞானம் பரவிப்போய்த்தான் கிரேஸ் வீட்டுக்கே வந்து, "அங்கிள், இந்த வாட்டி சிப்காட்ல வேலை செய்றவங்க பாதுகாப்பப் பத்தி மூணு பேரு பேசறாங்க, அதுல நீங்க ஒருத்தரு" என்றாள். மற்ற இரண்டு பேரில் ஒருத்தர் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தும் சோனியா மேடம், இன்னொருத்தர் சுப்பராயன் என்று பழைய யூனியன்காரர். எட்டாவது தாண்டாத நான் அவர்களுக்குச் சமமாக! இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, பின்னால் சுவரில் உன் பெரியம்மாவின் புதுச் சேலையைத் திரையாகக் கட்டினோம். போனை நிற்கவைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. உங்க நைனாதான் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரமும் இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். நாற்பத்து மூன்று பேர் பார்த்தார்கள் என்று கிரேஸ் கணக்குச் சொல்கிறாள், ஆனால் ஒவ்வொரு போனுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்குமே, அதை யார் எண்ணினார்கள்.

என் முறை வந்ததும் வெளுத்து வாங்கினேன். சோனியா மேடம் நான் சொல்வதைக் குறிப்பெடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். முப்பத்து நாலு வருஷம் ரோலிங் மில்லில் நெருப்புக் கம்பியோடு நின்றவன் நான், புத்தியோடு வேலை செய்கிறவனுக்கு விபத்தே வராது, இந்த உடம்பில் ஒரு கீறல் காட்டுங்கள் பார்க்கலாம் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அடுத்து சுப்பராயன் பேசினார். அவர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பழைய நீளமான நோட்டை எடுத்தார். அந்தக் காலத்தில் எந்த மில்லில் யாருக்கு அடிபட்டாலும் அந்த நோட்டில் எழுதி வைத்தாராம். வருஷம், பேர், போனது எது என்று வரிசையாகப் படித்தார். இரண்டாயிரத்து ஒன்று, மார்ச் மாதம் என்று படிக்கும்போதே நான் இரண்டு கையையும் மடக்கிக்கொண்டேன். "ஆதிகேசவன், வலது கை, ரெண்டு விரல்" என்று படித்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஏம்பா, இது நீயா? இப்ப காட்டுன கைய இன்னொரு தபா காட்டு" என்றார்.

மகளே, அந்த நேரத்தில் என் வாயில் இரண்டு பதில் தயாராக இருந்தது. அது வேறு ஆதிகேசவன் என்று சொல்லியிருக்கலாம். மெட்ராஸில் பெரிய டாக்டர் ஒட்டவைத்துவிட்டார் என்று சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருப்பார்கள். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்த போனின் இரண்டு ஓரத்திலும் உங்க நைனாவின் விரல்கள் தெரிந்தன. ஒரு பக்கம் நாலு, ஒரு பக்கம் ரெண்டு. அவன் போனுக்குப் பின்னாலிருந்து, சொல்லாதே என்று தலையை ஆட்டினான். நான் சொல்லிவிட்டேன்.

அங்கே சொன்னதை உனக்கும் சொல்கிறேன். அப்போதெல்லாம் மில்லுக்குள் விடும் கேட் கார்டில் போட்டோ கிடையாது, பேர் மட்டும்தான். ஒரு நாள் வராவிட்டால் கான்ட்ராக்டர் பேரை அடித்துவிடுவான். அதனால் அண்ணன் கார்டில் தம்பி போவது, மாமன் கார்டில் மச்சான் போவது எல்லா மில்லிலும் வழக்கம். ஊத்துக்கோட்டையில் வாலிபால் மேட்ச்சுக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். லோகு, நீ போய் நில்லுடா என்று உங்க நைனாவிடம் என் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனேன். அவன் அதற்கு முன் கம்பி வெட்டும் மெஷினில் நின்றதே இல்லை. நான் விசில் ஊதிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் கை போனது. ஆள் மாற்றி வந்தது தெரிந்தால் இரண்டு பேர் மேலும் கேஸ் போடுவேன் என்று கான்ட்ராக்டர் மிரட்டினான். மில் கணக்கில் என் பேரிலேயே எழுதிக்கொண்டார்கள். ஊருக்குச் சொல்ல ஒரு கதை வேண்டும், அதை உண்டாக்கியவன் நான். லோகு திருவாலங்காட்டுத் திருவிழாவுக்குப் போனான், குடித்தான், கரும்பு ஜூஸ் மெஷினில் கையை விட்டான். மெஷின் சக்கரத்தில் கட்டியிருந்த சலங்கை நின்று போனது வரைக்கும் நான் சேர்த்ததுதான். அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்த நீ பள்ளிக்கூடத்தில் உளறிவிடுவாய் என்று உனக்கும் அதையே சொன்னோம். நீ வளர்ந்த பிறகும் சொல்லக்கூடாது என்று உங்கம்மாவிடம் உங்க நைனா சத்தியம் வாங்கிக்கொண்டான். அந்த நாள் வரைக்கும் அவன் சாராயம் தொட்டதில்லை. அதற்குப் பிறகு சில வருஷம் குடித்தது உண்மைதான், அதை நான் மறைக்க மாட்டேன்.

நீ பிளைட் ஏறுவதற்கு முந்தின நாள், வெளிநாட்டில் சூதானமாக இரு என்று அவன் சொல்லவந்தபோது, "குடிச்சிட்டு மெஷின்ல கைய உட்டவன்லாம் எனக்கு புத்தி சொல்ல வாணாம்" என்றாய். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஊரில் எல்லா விஷயத்துக்கும் வாயைத் திறக்கிறவன், அன்றைக்குத் திறக்கவில்லை. நாலு வருஷமாக நீ உங்கம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். தப்பு உன்னுடையது இல்லை, உனக்குக் கொடுத்த கதை அப்படி.

நான் பேசப் பேசப் படம் ஆடியதாம், சிக்னல் கோளாறு என்று கிரேஸ் நினைத்துக்கொண்டாளாம். சுப்பராயன் பேனாவை எடுத்து, என் பேரை அடித்து, "தம்பி பேர முழுசா சொல்லு" என்று கேட்டு எழுதிக்கொண்டார். லோகநாதன் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மறுநாள் கிரேஸ் போன் செய்து, இந்தப் பேச்சு சனிக்கிழமை யூடியூபில் ஏறும், வேண்டாமென்றால் அந்த ஏழு நிமிஷத்தை வெட்டிவிடுகிறேன் என்றாள். உங்க நைனா வெட்டச் சொன்னான். "கொயந்த அங்க நிம்மதியா கீது, இன்னாத்துக்குண்ணா இப்போ?" என்றான். நான் வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன், அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். எவனோ அனுப்பி நீ பார்ப்பதற்கு முன்னால் என் கையெழுத்தில் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னைத் திட்ட வேண்டுமென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பதில் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். உங்க நைனாவிடம் மட்டும் மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பிக்காதே, தாங்க மாட்டான். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அம்மாவைக் கூப்பிடு. போனை அவனிடம் கொடுக்கச் சொல். வீடியோவில் பேசு. அவன் வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்வான். வெளியே எடுக்கச் சொல்லிப் பார், நைனா என்று கூப்பிட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா
கோ. ஆதிகேசவன்