வாசலில் கொட்டிய வெந்நீர்

ஜனவரி 12, 1996, ஐசலின்.

காலையில் ஊரே பனியில் புதைந்து கிடந்தது. தங்கையின் பிள்ளைகளும் பக்கத்து வீட்டு அம்மாள் மார்த்தாவும் பனியுருண்டை வீசி என்னை நூறு முறை கொன்றார்கள்.

"மார்கழியாச்சே, கோலம் போட வாசலே தெரியலையே அண்ணா" என்றாள் தங்கை.

"இமயமலையையே உருக்கிக் காட்டறேன் பாரு!" என்று ஓர் அண்டா வெந்நீரைப் படியில் கொட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவள் கோலமாவு எடுத்து வருவதற்குள் படி கண்ணாடியாக உறைந்துவிட்டது. எங்களுக்குக் குக்கீ கொண்டுவந்த மார்த்தா அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பாவம், வானத்தைத்தான் திட்டினார்.

"மாமா, டெல் ஹர்" என்று, வெந்நீர் கொட்டியதை அவரிடம் சொல்லச் சொல்லி, தங்கை மகள் என் கோட்டை இழுத்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிய வழியெல்லாம் இமயத்தை உருக்கிய வாய் திறக்கவேயில்லை. திரும்பி வந்ததும், மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவர் எனக்கு நன்றி சொன்னார்.

அதையும் வாங்கிக்கொண்டேன்.